மக்களின் வக்கீலும் மில்ஃபர்டின் பன்றியும்

ஆர்டிஸ் க்வாமியின் சாப்பாட்டுக் கடைக்குள் போக வேண்டுமானால் ஒரு மீனின் வாய்க்குள் நுழைந்தாக வேண்டும். சிமெண்ட் மீன். கிளாரன்ஸ் என்று பெயர். கீழ்த்தாடைதான் வாசற்படி. மேல்தாடைப் பற்களில் உயரமானவர்கள் நெற்றியை இடித்துக்கொள்வார்கள், திட்டிக்கொண்டே உள்ளே வருவார்கள், உட்கார்ந்து, புளிப்பான ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு சாப்பிடுவார்கள். டோர்சன் ஏரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் காரை நிறுத்துகிற யாரும் ஆர்டிஸின் காபிக்காக நிறுத்துவதில்லை. அந்தக் காபியை ஒருமுறை குடித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம். கிளாரன்ஸோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் நிறுத்துவார்கள். எடுத்த பிறகு பசிக்கும்.

மீனைக் கட்டியவன் ஆர்டிஸின் கணவன் லெஸ்டர். வால் காய்வதற்கு முன்பே அரிசோனாவுக்குப் போய்விட்டான். "போனவன் மீனைத் தூக்கிட்டுப் போகலயே, அதுவே பெரிய விஷயம்" என்று ஆர்டிஸ் சொல்லுவாள். கிளாரன்ஸ் இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் கடைக்கு மேலே அவள் படுத்துறங்கும் அறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்கள் ஒருவருக்கும் கடைசிவரை இது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை ஷெரீஃபின் ஆள் வந்து ஒரே கையால் இரண்டு சம்மன்களைக் கொடுத்தான். முதலாவது, நெடுஞ்சாலைத் துறைக்காக. மீனின் வால் சாலைக்குரிய நிலத்தில் நான்கு அடி நீட்டிக்கொண்டிருக்கிறது, அக்டோபர் முதல் தேதிக்குள் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் துறையே இடித்துச் செலவை அவளிடம் வாங்கும். இரண்டாவது, பாரம்பரியத் துறைக்காக. மீன் மாநிலத்தின் பாரம்பரியச் சின்னம், அதை அகற்றப்போவதாகத் தகவல் வந்திருக்கிறது, ஒரு செதிலைத் தொட்டாலும் சிறை. இரண்டு சம்மனிலும் தலைப்பு ஒன்றுதான்: மாநிலம் எதிர் ஆர்டிஸ் க்வாமி. இரண்டின் அடியிலும் ஒரே கையெழுத்து: மாநில அட்டர்னி ஜெனரல் கிரான்வில் ஹோட்லி.

கல்லாவுக்கு எதிரே எப்போதும் உட்கார்ந்திருக்கும் மில்ஃபர்ட் ஸ்டம்ப் இரண்டையும் வாங்கிப் படித்தான். மில்ஃபர்ட் பக்கத்துப் பண்ணைக்காரன், பன்றி வளர்க்கிறவன்.

"இடிக்கலேன்னா கேஸு. இடிச்சா ஜெயிலு. ஆர்டிஸ், உன்மேல அந்த ஆளுக்கு என்ன அவ்வளவு ஆசை?"

"நக்கல் பண்ணாதே மில்ஃபர்ட். கடையே போயிடும்போல இருக்கு."

"வக்கீல் வைக்கலாமே."

"வக்கீல் வைக்கக் காசு இருந்தா நான் ஏன் உனக்கு முட்டை பொரிச்சுக்கிட்டு நிக்கிறேன்?"

மில்ஃபர்ட் யோசித்தான். அவன் யோசிக்கும்போது தொப்பியை முன்னுக்குத் தள்ளுவான். "டிவில அந்த ஹோட்லி வருவானே, என்ன சொல்லுவான்? 'நான் மக்களின் வக்கீல்'னு. நீ மக்கள்தானே? நேராப் போய்க் கேளு."

ஆர்டிஸுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தலைநகருக்கு வண்டியை விட்டாள்.

அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் வாசலுக்கு மேலே, ஆளுயர எழுத்தில், மக்களின் வழக்கறிஞர் என்று கல்லில் வெட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு சின்னத் தகரப் பலகை: பொதுமக்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கப்படாது.

வரவேற்பில் இருந்த பெண் மரியாதையானவள். "மேடம், நீங்க எந்த அதிகாரி?"

"நான் அதிகாரி இல்லம்மா. சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன்."

"அப்ப யாருக்காக வந்திருக்கீங்க?"

"எனக்காகத்தான்."

அந்தப் பெண்ணின் முகத்தில் இரக்கம் வந்தது. "மேடம், ஜெனரல் மக்களுக்கு வக்கீல். அதனால மக்கள்ல ஒருத்தருக்கு வக்கீலா இருக்க முடியாது. இருந்தா மத்தவங்களுக்குத் துரோகம் ஆயிடும் பாருங்க."

"ஜெனரலா? எந்தப் போர்ல இருந்தாரு?"

"போர் எல்லாம் இல்ல மேடம். நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு அதிகாரி எழுத்துல கேள்வி கேட்டா எங்க ஆபீஸ் கருத்து சொல்லும். எம்.எல்.ஏ., கவுண்டி வக்கீல், டவுன்ஷிப் அதிகாரி, யாரு வேணாலும். தனி ஆள் கேட்டா முடியாது. சட்டம் அப்படி."

"அப்ப என்மேல கேஸ் போட்ட வக்கீலையாவது பார்க்க முடியுமா?"

"எந்தக் கேஸ் மேடம்? இடிக்கச் சொல்றதா, இடிக்காதேன்னு சொல்றதா?"

அதற்குள் வழக்கு இங்கே பிரசித்தமாகிவிட்டது என்று ஆர்டிஸ் புரிந்துகொண்டாள்.

காத்திருக்கச் சொன்ன இடம் நீண்ட நடைவழி. சுவர் முழுக்கப் பழைய அட்டர்னி ஜெனரல்களின் எண்ணெய் ஓவியங்கள். இந்த அலுவலகம் மாநிலத்தைவிட மூத்தது என்று ஒரு பித்தளைத் தகடு சொன்னது. இங்கே மாநிலம் உருவாகாமல் வெறும் பிராந்தியமாக இருந்த காலத்திலேயே முதல் அட்டர்னி ஜெனரல் ஒரு சாராயக் கடையின் பின்னறையில் தொழிலைத் தொடங்கிவிட்டார். முதல் வழக்கு, குதிரை திருடியதாக ஆளுநர்மேல் பிராந்தியத்தின் சார்பாக அவரே போட்டது. ஆளுநருக்காக வாதாடியவரும் அவரே. இரண்டு பக்கத்திலும் வெற்றி என்று தகடு பெருமையோடு முடித்திருந்தது. குதிரை என்ன ஆயிற்று என்று இல்லை.

ஓவியத்தில் இருந்த எல்லோரும் இடது பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்டிஸும் அந்தப் பக்கம் பார்த்தாள். ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், ஆளுநர் மாளிகையின் கூரை. ஆளுநரானவர்களின் ஓவியங்கள் வாசலோரம் வெளிச்சத்தில் இருந்தன. ஆக முடியாதவர்களைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள்.

நடைவழியின் நடுவே, நீளவாக்கில், இடுப்பளவு உயரத்தில் ஒரு வெள்ளை மரவேலி ஓடியது. தோட்டத்துக்குப் போடுவார்களே, அதே வேலி. நடுவில் ஒரு சின்னக் கதவு. கதவு திறந்தே கிடந்தது.

வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு மேஜையில் கார்லிஸ் பெண்டர் என்ற வக்கீல் உட்கார்ந்திருந்தார். நெடுஞ்சாலைத் துறைக்காக மீனை இடிக்கச் சொல்லுகிறவர் அவர். அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், மேவிஸ் பெண்டர். பாரம்பரியத் துறைக்காக மீனைக் காப்பாற்றுகிறவர். இருவரும் கணவன் மனைவி.

"இந்த வேலி எதுக்குங்க?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"அதுதான் மேடம் எங்க மானம்" என்றார் கார்லிஸ். "மாநிலத்துல எந்தத் துறைக்கும் நாங்கதான் வக்கீல். ரெண்டு துறை சண்டை போட்டா ரெண்டுக்கும் நாங்கதான் வாதாடணும். அப்ப ஒருத்தர் ரகசியம் இன்னொருத்தருக்குப் போகக் கூடாதில்ல? அதுக்குத்தான் நூறு வருஷத்துக்கு முன்னாலயே வேலி போட்டாங்க. ஒரு கேஸ்ல இருக்கிறவங்க வேலியைத் தாண்டிப் பேச மாட்டோம்."

"வீட்டுல?"

"வீட்டுலயும் பேச மாட்டோம். இந்தக் கேஸ் வந்ததுலேர்ந்து இவ எங்கிட்ட உப்பு எடுன்னுகூடச் சொன்னதில்ல."

"கார்லிஸ் பேசுறது என் காதுல விழல" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மேவிஸ் சொன்னார். "ஆனா உப்பு அவருக்கு நல்லதில்லன்னு அவர்கிட்ட யாராவது சொல்லுங்க."

மேவிஸ் எழுந்து, திறந்திருந்த கதவு வழியாக இந்தப் பக்கம் வந்து, காபி இயந்திரத்தில் ஒரு கோப்பை பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். கார்லிஸ் அதே கதவு வழியாக அந்தப் பக்கம் போனார், கழிப்பறை அங்கேதான் இருந்தது. ஒருவரை ஒருவர் கடந்தபோது இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள். வேலியில் ஆணியடித்திருந்த தகட்டை ஆர்டிஸ் வாசித்தாள்: பாரம்பரியச் சின்னம், தொடாதீர்கள்.

அன்று யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. வாகன நிறுத்தத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள்.

"ஒரு அதிகாரி கேட்டா சொல்லுவாங்களாம்" என்று அவள் வந்து சொன்னதும் மில்ஃபர்ட் தொப்பியை முன்னுக்குத் தள்ளினான்.

"அப்ப அதிகாரி ஆயிடு."

"ஆமா, ஆளுநர் பதவி காலியாத்தான் இருக்கு."

"ஆளுநர் வேண்டாம். நம்ம டவுன்ஷிப்ல ஒரு பதவி காலியா இருக்கு. வேலிப் பார்வையாளர். எங்க தாத்தா காலத்துல இருந்தாங்க. ரெண்டு பண்ணைக்காரனுங்க வேலிக்காக அடிச்சுக்கிட்டா வந்து பார்த்துத் தீர்ப்பு சொல்லுவாங்க. இப்ப யாரும் அடிச்சுக்கறதில்ல, எல்லாரும் வித்துட்டுப் போயிட்டாங்க."

டவுன்ஷிப் கூட்டம் அடுத்த செவ்வாய்க்கிழமை நடந்தது. எங்கள் டவுன்ஷிப் கூட்டம் என்றால் ஒரு தகரக் கூடம், ஒரு தட்டில் எலுமிச்சை கேக் துண்டங்கள், ஒரு தட்டில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோல், கேசரோலுக்காக வந்த ஏழெட்டுப் பேர். மில்ஃபர்ட் முன்மொழிந்தான். எதிர்ப்பு உண்டா என்று கேட்டார்கள். ஒருவர், காபி போடுவது அவளாக இருந்தால் மட்டும் எதிர்ப்பதாகச் சொன்னார். வேறு எதிர்ப்பு இல்லை. ஆர்டிஸ் கையை உயர்த்தி அரசியலமைப்பைக் காப்பதாகவும், வேலிகளைப் பாரபட்சம் இல்லாமல் பார்ப்பதாகவும் சத்தியம் செய்தாள். அப்போது அவளுக்குத் தெரியாது, மாநிலம் முழுக்க மிச்சம் இருந்த ஒரே வேலிப் பார்வையாளர் அவள்தான் என்று. மற்ற டவுன்ஷிப்புகள் அந்த நாற்காலியைத் தூசி படியவிட்டு நாளாகிவிட்டது.

அன்றிரவே கேள்வியை எழுதிவிட்டாள். ஒரு துறை இடி என்கிறது, இன்னொரு துறை தொடாதே என்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்?

இந்தத் தடவை அலுவலகத்தில் வரவேற்பே வேறு மாதிரி இருந்தது. ஜெனரல் ஹோட்லி தானே எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல உயரம், நல்ல பல், எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுத்தாலும் எடுபடுகிற தலைமுடி. பக்கத்தில் ஒரு புகைப்படக்காரன். அது தேர்தல் வருஷம், ஹோட்லி ஆளுநர் பதவிக்கு நின்றார்.

"வேலிப் பார்வையாளர் அவர்களே, வாங்க. உங்களை மாதிரி அடிமட்ட அதிகாரிங்கதான் இந்த மாநிலத்தோட முதுகெலும்பு."

"போன மாசம் வந்தேன் சார். அப்ப உள்ளேயே விடல."

"அப்ப நீங்க மக்களா வந்தீங்க" என்றார் ஹோட்லி அன்போடு. "தப்பா எடுத்துக்காதீங்க. மக்கள்னா எனக்கு உயிர். ஆனா மக்கள்ங்கறது என்ன? ஒரு ஆள் மக்கள் இல்ல. ரெண்டு பேர் வந்தாலும் மக்கள் இல்ல, அது ரெண்டு பேரு. கூட்டமா வந்தா போலீஸைக் கூப்பிடுவோம். மக்கள்ங்கறது ஒரு பெரிய விஷயம் மேடம். அவங்களை நான் நேர்ல பார்த்ததில்ல. கேமரா வழியாத்தான் பேசியிருக்கேன். நாலு வருஷத்துல அவங்களுக்காக நான் யார்மேல எல்லாம் கேஸ் போட்டேன் தெரியுமா? எண்ணெய் கம்பெனி, மாத்திரை கம்பெனி, பக்கத்து மாநிலம். போதலேன்னு மக்கள்மேலயும் போட்டிருக்கேன்."

"என்மேல ரெண்டு போட்டிருக்கீங்க சார்."

"பார்த்தீங்களா? பாரபட்சமே கிடையாது."

கருத்து மூன்று வாரத்தில் வந்தது. அதற்கு எண் போட்டு, முத்திரை குத்தி, மாநிலத்தின் எல்லா நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினார்கள். முக்கால்வாசி, வேலிப் பார்வையாளர் பதவியின் மாண்பைப் பற்றி. கடைசிப் பத்தியை மில்ஃபர்ட் கடையில் உரக்க வாசித்தான். "மாநிலம் ஒன்று. ஆகவே அதன் குரலும் ஒன்று. ஒரே குரலில் முரண்பாடு இருக்க முடியாது. ஆகவே இரண்டு உத்தரவுகளும் முரண்பட்டவை அல்ல. ஆகவே க்வாமி அம்மையார் இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற வேண்டும்."

மில்ஃபர்ட் தாளை மடித்துக் கல்லாமேல் வைத்தான்.

"இடிக்காம இடிக்கணும்" என்றான் மில்ஃபர்ட். "செய்யலாம். அஸ்திவாரத்துலேர்ந்து ஆரம்பிக்காம ஆரம்பிப்போம்."

ஆர்டிஸ் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்புக்கு எதிரே நின்று அழுதாள். மில்ஃபர்ட் என்ன செய்வது என்று தெரியாமல் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். பத்தொன்பது வருஷத்தில் அவன் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

கருத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆர்டிஸ் இப்போது அதிகாரி. அதிகாரிமேல் வழக்கு வந்தால் அவருக்காக வாதாடும் கடமை அட்டர்னி ஜெனரலுடையது. ஆகவே இரண்டு வழக்கிலும் அவளுக்காக ஜெனரலே ஆஜராவார்.

செப்டம்பரில் வழக்கு வந்தது. நீதிபதி ஓரா லிண்ட்குவிஸ்ட் வயதான பெண்மணி. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குமேல் எந்த வழக்கையும் நீட்ட விடமாட்டார், ஏரிக்கு மீன் பிடிக்கப் போக வேண்டும். அவர் கண்ணாடியை இறக்கி எதிரே பார்த்தார். ஒரு மேஜையில் கார்லிஸ் பெண்டர். இன்னொரு மேஜையில் மேவிஸ் பெண்டர். மூன்றாவது மேஜையில் ஆர்டிஸும், அவளுக்குப் பக்கத்தில் ஜெனரல் ஹோட்லியும். வெளியே தாழ்வாரத்தில் ஹோட்லி வரவழைத்திருந்த தொலைக்காட்சிக்காரர்கள்.

"கவலைப்படாதீங்க" என்று ஹோட்லி ஆர்டிஸின் காதில் சொன்னார். "நாம ஜெயிச்சிடுவோம்."

"எந்தப் பக்கம் சார்?"

"எல்லாப் பக்கமும்."

"மிஸ்டர் ஹோட்லி" என்றார் நீதிபதி. "இந்த அம்மா மேல கேஸ் போட்டது யாரு?"

"நான்தான், யுவர் ஆனர்."

"அதுக்கு எதிரா அவங்கமேல இன்னொரு கேஸ் போட்டது?"

"அதுவும் நான்தான்."

"அவங்களுக்காக வந்திருக்கிறது?"

"அந்தப் பெருமையும் எனக்குத்தான், யுவர் ஆனர்."

"உங்களுக்குள்ள ஒருத்தர் ரகசியம் ஒருத்தருக்குத் தெரியாதா?"

ஹோட்லி இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "ஒரு ஆள், ஒரு ஆபீஸ், எத்தனை பக்கம் நின்னாலும் பாரபட்சம் வராது, யுவர் ஆனர். நடுவுல ஒரு வேலி இருந்தா போதும். இது எங்க ஆபீஸோட நூறு வருஷக் கொள்கை. எங்க வேலி இந்த மாநிலத்துலயே சிறந்த வேலி. யாரு வேணாலும் வந்து பார்க்கலாம்."

"நல்ல வேலியா இல்லையான்னு சட்டப்படி யாரு சொல்லணும்?"

ஹோட்லிக்கு எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாமல் இருந்ததில்லை. அதுதான் அவருடைய கஷ்டம். "நல்ல கேள்வி, யுவர் ஆனர். போன ஜூன்ல எங்க ஆபீஸே இதைப் பத்தி விரிவா கருத்து சொல்லியிருக்கு. சண்டை போடுற ரெண்டு தரப்புக்கு நடுவுல எந்த வேலி இருந்தாலும், அது தாங்குமா தாங்காதான்னு சொல்ல வேண்டியது வேலிப் பார்வையாளர். குதிரை தாண்ட முடியாத உயரம், காளை முட்டித் தள்ள முடியாத பலம், பன்றி நுழைய முடியாத நெருக்கம், இது மூணும் வேணும். வேலிப் பார்வையாளர் போதாதுன்னு சொல்லிட்டா, வேலி சரியாகிற வரைக்கும் ரெண்டு தரப்பும் ஒரு வழக்கும் நடத்த முடியாது. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. எவ்வளவு அழகான சட்டம் பாருங்க."

மேவிஸ் எழுந்து வந்து ஹோட்லியின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். அதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

"உங்க ஆபீஸ் இருக்கிற இடத்துக்கு வேலிப் பார்வையாளர் யாரு?" என்றார் நீதிபதி.

எழுத்தர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அங்கே யாரும் இல்லை, இல்லாவிட்டால் அருகில் உள்ளவரை அழைக்க வேண்டும், அருகில் உள்ளவர் என்றாலும் மாநிலத்தில் இருப்பது ஒருவர்தான் என்று சொன்னார். எல்லோரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள். ஆர்டிஸ் தன் கைப்பையைப் பார்த்தாள்.

ஹோட்லி வெளிறிப் போனார். "யுவர் ஆனர், இவங்க இந்த வழக்குல ஒரு தரப்பு. தன்னோட கேஸ்லயே தானே தீர்ப்பு சொல்றது எப்படி?"

"ஒரு ஆள் எத்தனை பக்கம் நின்னாலும் பாரபட்சம் வராதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?" என்றார் நீதிபதி. "திங்கட்கிழமை போய்ப் பார்த்துட்டு வாங்கம்மா. நான் ஏரிக்குப் போறேன்."

திங்கட்கிழமை காலை ஆர்டிஸ் அலுவலகப் படியேறினாள். நல்ல கோட்டு, கல்யாணத்துக்குப் போடும் தொப்பி. பின்னால் மில்ஃபர்ட். மில்ஃபர்டின் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், குளித்துத் துடைத்த ஒரு பெண்பன்றி. பெயர் டச்சஸ்.

"மேடம், பன்றியை உள்ள விட முடியாது" என்றாள் வரவேற்புப் பெண்.

"அது மக்கள் இல்லம்மா" என்றான் மில்ஃபர்ட். "சட்டத்துல சொன்ன உபகரணம்."

நடைவழியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வெற்றியைப் படம் பிடிக்க ஹோட்லி முன்கூட்டியே அழைத்திருந்த தொலைக்காட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்ப நேரம் இல்லாமல் போயிருந்தது. ஆர்டிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பதவிப் பிரமாணம் எடுத்ததிலிருந்து அவள் ஒரு வேலியைக்கூடப் பார்த்ததில்லை.

"ஆரம்பிங்க" என்றார் ஹோட்லி பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவுக்காகச் சிரித்தபடி.

"குதிரை கொண்டு வரல" என்றாள் ஆர்டிஸ். "தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். மிஸ்டர் பெண்டர், கொஞ்சம் இந்தப் பக்கம் வர முடியுமா?"

வேலிக்கு அந்தப் பக்கம் மேவிஸுக்கு அருகில் நின்றிருந்த கார்லிஸ் பழக்க தோஷத்தில் கதவு வழியாக வராமல் வேலிக்கு மேலேயே காலைத் தூக்கிப் போட்டு இந்தப் பக்கம் வந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. வந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்தார்.

"உயரம் போதாது" என்றாள் ஆர்டிஸ். "மில்ஃபர்ட், கொஞ்சம் சாயேன்."

மில்ஃபர்ட் வேலியில் சாய்ந்தான். பட்டியலில் அவன் காளைக்குப் பதில். வேலி நெடுஞ்சாலைத் துறையிலிருந்து பாரம்பரியத் துறைப் பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. மேவிஸ் அந்தப் பக்கத்திலிருந்து பிடித்து நிறுத்தினார்.

"பலம் போதாது. டச்சஸை விடு."

மில்ஃபர்ட் டச்சஸை வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டான். அவள் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தாள். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் டோனட் பெட்டி ஒன்று திறந்திருந்தது. பெட்டி வேலிக்கு இந்தப் பக்கம். யாரையும் அவசரப்படுத்தாமல், மாநிலத்தின் எல்லாத் தொலைக்காட்சிகளும் பார்த்துக்கொண்டிருக்க, திறந்திருந்த கதவு வழியாக இந்தப் பக்கம் வந்து, டோனட்டுகளை முடித்து, அதே கதவு வழியாகத் திரும்பிப் போய், கழிப்பறைக்கு வெளியே, ஆளுநராக முடியாதவர்களின் ஓவியங்களுக்குக் கீழே படுத்துக்கொண்டாள்.

ஆர்டிஸ் தொண்டையைச் செருமினாள். "நான் படிச்சவ இல்ல. ஆனா இது வேலி இல்லீங்க. நடுவுல ஒரு அலங்காரம், அவ்வளவுதான். இந்தப் பக்கமும் நீங்க, அந்தப் பக்கமும் நீங்க, என் பக்கத்து நாற்காலியிலயும் நீங்க. சரி பண்ணிட்டுச் சொல்லியனுப்புங்க, வந்து பார்க்கிறேன்."

அதோடு இரண்டு வழக்கும் நின்றன. அக்டோபர் முதல் தேதி வந்தது, போனது. கிளாரன்ஸின் வால் நான்கு அடி நீட்டிக்கொண்டே இருந்தது. பன்றியைப் படத்தில் பார்த்தவர்கள் மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்து மீனின் பல்லில் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். டச்சஸுக்குக் கடையின் பின்பக்கம் நிழலில் ஒரு இடம் ஒதுக்கியாயிற்று.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் ஜெனரல் ஹோட்லி வந்தார். தனியாக. உயரமானவர் ஆதலால் பலமாகவே இடித்துக்கொண்டார். கல்லாவுக்கு எதிரே, மில்ஃபர்டுக்குப் பக்கத்து நாற்காலியில் நெற்றியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"மேடம், நான் அதிகாரியா வரல. சாதாரண மனுஷனா வந்திருக்கேன்."

"உட்காருங்க. காபி?"

"வேலி விஷயம்" என்றார் ஹோட்லி. "கட்டடத் துறை சொல்லுது, வேலிப் பார்வையாளர் போதாதுன்னு சொன்ன வேலியை உடனே எடுத்துட்டுப் புதுசு போடணும், இல்லேன்னா ஆபீஸையே பூட்டுவோம்னு. பாரம்பரியத் துறை சொல்லுது, அது நூறு வருஷச் சின்னம், ஒரு ஆணியைப் பிடுங்கினாலும் என்மேல கேஸ் போடுவோம்னு. ரெண்டு துறைக்கும் வக்கீல் நான்தான். எனக்கு எதிரா எந்தப் பெண்டரை அனுப்பறதுன்னு தெரியல. ராத்திரி தூக்கம் இல்ல. ஓவியக்காரன் வேற வந்து என் படத்தை எந்தச் சுவருக்கு அளவெடுக்கணும்னு கேக்குறான். நான் என்னதான் செய்யறது?"

அவர் குரல் உண்மையிலேயே உடைந்திருந்தது. ஆர்டிஸுக்குப் பாவமாக இருந்தது. அந்த ஏப்ரல் காலையில் இரண்டு சம்மன்களோடு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுப்புக்கு எதிரே நின்று அழுததும் ஞாபகம் வந்தது.

"தனி ஆளுங்களுக்கு நான் ஆலோசனை சொல்றதில்ல சார்" என்றாள். "ஆனா எழுத்துல ஒரு கருத்து இருக்கு. நல்ல கருத்து. நம்பர் போட்டு, முத்திரை குத்தி, எல்லா நூலகத்துலயும் இருக்கு. மாநிலத்துக்குக் குரல் ஒண்ணுதானாம். அதனால முரண்பாடே கிடையாதாம்."

ஹோட்லி தலையைக் குனிந்துகொண்டார். மில்ஃபர்ட் தன் தொப்பியை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யுங்க சார்" என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் அவருடைய கோப்பையில் காபியை ஊற்றினாள். அவர் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.